ஒவ்வாமையும் நோய் எதிர்ப்புக் கோளாறும் உள்ளவர்களைக் கவனித்தல்: வேலூர் வட்டாரச் செவிலியருக்கான வழிமுறைகள்

வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்துவிட்டாலும், இங்குள்ள மருத்துவமனைகளுக்கு வரும் ஒவ்வாமை நோயாளிகள் பழைய வட ஆர்க்காட்டு மண்ணின் தொழிலையும் பயிரையும் அப்படியே உடம்பில் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பகுதித் தோல் தொழிற்கூடங்களில் குரோமியம் பட்டுக் கை வெடித்தவர், மழைக்குப் பின் வரப்பெல்லாம் பூக்கும் பார்த்தீனியத்தால் முகமும் கழுத்தும் தடித்துக் கருத்துப்போன விவசாயி, பீடி சுற்றும் வீட்டில் புகையிலைத் தூசிக்கு நடுவே வளர்ந்து இரவெல்லாம் இளைக்கும் குழந்தை ஆகியோர் ஒரே நாளின் புறநோயாளிப் பிரிவில் அடுத்தடுத்து அமர்ந்திருப்பது இங்கே சாதாரணம். இவர்களோடு, லூபஸ் போன்ற தன் எதிர்ப்பு நோய் (எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்குவது) உள்ளவர்களும், ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் மாதக் கணக்கில் தங்கியிருப்பவர்களும் செவிலியரின் பொறுப்பில் வருகிறார்கள். ஒரு பக்கம் எதிர்ப்பு சக்தி தேவைக்கு மேல் சீறுகிறது. மறுபக்கம் அது எழவே மறுக்கிறது. இரண்டிலும் மருத்துவர் சீட்டு எழுதுவதற்கு முன்பே செவிலியரின் வேலை தொடங்கிவிடுகிறது. எதைக் கேட்டு எழுதினோம், முதல் பதினைந்து நிமிடம் யார் பக்கத்தில் நின்றோம், எந்த மருந்தை முதலில் கையில் எடுத்தோம் என்பவற்றைப் பொறுத்தே பெரும்பாலான விளைவுகள் அமைகின்றன.

கேட்பதும் எழுதுவதும்

'உங்களுக்கு ஏதாவது அலர்ஜி இருக்கிறதா' என்று ஒற்றை வரியில் கேட்டால், 'அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர்' என்ற பதில்தான் வரும். அதே அம்மாவிடம், 'இதுக்கு முன்னாடி ஊசி போட்டோ மாத்திரை சாப்பிட்டோ உடம்பெல்லாம் தடிச்சிருக்காம்மா? மூச்சு அடைச்சிருக்கா? உதடு வீங்கியிருக்கா?' என்று தனித்தனியாகக் கேட்டால், 'போன வருஷம் இடுப்பு வலிக்கு ஊசி போட்டப்ப காணாக்கடி மாதிரி வந்துச்சு, உடம்பு சூடுன்னு விட்டுட்டேன்' என்ற பதில் வரக்கூடும். அந்த இடுப்பு வலி ஊசி டைக்ளோஃபினாக்காக இருந்தால், அதை எழுதாமல் விட்டதன் விலை அடுத்த ஊசியில் தெரியும். எனவே என்ன மருந்து, எடுத்து எவ்வளவு நேரத்தில் வந்தது, என்னென்ன வந்தது, எப்படித் தணிந்தது, பிறகு அதே மருந்தை எடுத்தாரா என்ற ஐந்தையும் கேட்க வேண்டும். மருந்தின் பெயர் தெரியாவிட்டால், பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வதே வழி. இந்தப் பக்கத்தில் ரேஷன் அட்டையும் மருத்துவச் சீட்டுகளும் ஒரே பிளாஸ்டிக் உறையில்தான் இருக்கும் என்பதால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கிடைத்த பதிலைத் தரம் பிரித்து எழுதுவதும் அதே அளவு முக்கியம். அமாக்சிசிலின் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தது பக்க விளைவுதான், ஒவ்வாமை அன்று. அதைப் 'பென்சிலின் அலர்ஜி' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டால், அந்த நோயாளிக்கு வாழ்நாள் முழுவதும் விலை கூடிய, வீரியம் பரந்த மருந்துகளே கொடுக்கப்படும். ருமாட்டிக் காய்ச்சலுக்காக மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட வேண்டிய பிள்ளைக்கு இந்தத் தவறான முத்திரை இதயத்தையே பாதிக்கும். ஆகவே 'பென்சிலின்: ஊசி போட்ட பத்து நிமிடத்தில் உடல் முழுதும் தடிப்பு, மூச்சுத் திணறல்' என்பது போல நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். எழுதும்போது கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் எழுதினால்தான், வேறு பெயரில் அதே மருந்து திரும்பி வருவதைத் தடுக்க முடியும்.

ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்துக் குடும்பங்களில் வயதான பெண்கள் உருதுவில்தான் விவரமாகப் பேசுவார்கள். குடியாத்தத்தைத் தாண்டினால் தெலுங்கு. வடநாட்டு நோயாளிகளுக்கு வங்காளியோ இந்தியோ வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டாலும், மருந்து ஒவ்வாமையைப் பொறுத்தவரை அந்த மொழி தெரிந்த பணியாளர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு முறையாவது நேராகக் கேட்டுவிடுவது நல்லது. தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றின் படங்களைக் கைப்பேசியில் வைத்திருந்து காட்டும் செவிலியர்களும் உண்டு. மொழி தெரியாத இடத்தில் அதைவிடத் தெளிவான கேள்வி இல்லை.

அனாஃபிலாக்சிஸ்: அட்ரினலின்தான் முதலில்

உணவோ மருந்தோ பூச்சிக்கடியோ பட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தடிப்பும் அரிப்பும் எழுந்து, அதோடு மூச்சுத் திணறல், குரல் கம்மல், வீசிங், ரத்த அழுத்தக் குறைவு, மயக்கம், ஓயாத வாந்தி இவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால், அதை அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிரைப் பறிக்கக்கூடிய கடும் ஒவ்வாமை என்றே கொள்ள வேண்டும். தடிப்பே இல்லாமலும் இது வரலாம். தெரிந்த ஒவ்வாமைப் பொருள் உடலில் சேர்ந்தபின் ரத்த அழுத்தம் விழுந்தாலே போதும். 'எனக்கு என்னமோ பண்ணுது, செத்துடுவேன் போல இருக்கு' என்று நோயாளி சொல்வதைப் பதற்றம் என்று தள்ளிவிடக் கூடாது. அளவுகோலில் எதுவும் மாறுவதற்கு முன்பே நோயாளிக்கு அது தெரிந்துவிடுவது உண்டு.

நம் ஊர் வார்டுகளிலும் தெருமுனைக் கிளினிக்குகளிலும் இந்த நேரத்தில் கை முதலில் போவது அவில் என்ற அரிப்பு ஊசிக்கும் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டுக்கும்தான். இந்தப் பழக்கத்தை மாற்றியாக வேண்டும். அவில் அரிப்பைத் தணிக்கும். அடைபடும் தொண்டையையோ விழும் ரத்த அழுத்தத்தையோ அது நிறுத்தாது. ஹைட்ரோகார்டிசோன் வேலை செய்யவே மணிக்கணக்கில் ஆகும். உயிரைக் காப்பது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஒன்றுதான், அதுவும் தாமதமில்லாமல் போட்டால்.

மருந்து இழுக்கும் முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நம்மிடம் இருப்பது 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள சிறிய ஆம்பியூல். வளர்ந்தவர்களுக்கு அதில் பாதி, அதாவது 0.5 மி.லி. குழந்தைகளுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மி.லி.; பத்துக் கிலோ குழந்தைக்கு 0.1 மி.லி., இருபது கிலோவுக்கு 0.2 மி.லி.; பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 0.3 மி.லி.யைத் தாண்டுவதில்லை. 1 மி.லி. சிரிஞ்சில் இழுத்து, 23 அளவுள்ள ஓர் அங்குல ஊசியை மாட்டிக்கொள்ள வேண்டும். இன்சுலின் சிரிஞ்சை எடுத்துவிடக் கூடாது. அதன் ஊசி தசையை எட்டாது, அதன் கோடுகள் யூனிட் கணக்கில் இருப்பதால் அவசரத்தில் அளவும் குழம்பும். தொடையின் முன்வெளிப் பக்கத்தில், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில், நேராகக் குத்த வேண்டும். தேவையானால் வேட்டி, புடவை, சுடிதார் மேலேயே குத்தலாம். நேரத்தைக் கையிலோ சுவரிலோ உடனே குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்தில் தேறவில்லையென்றால் இரண்டாவது ஊசிக்கு அந்த நேரம்தான் கணக்கு.

இதே அட்ரினலினை நீர்க்கச் செய்யாமல் நரம்பில் செலுத்துவது இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்கும். நரம்பு வழி அட்ரினலின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மானிட்டரோடு மருத்துவர் செய்யும் வேலை.

ஊசி போடும்போதே மற்றவையும் நடக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்துங்கள், வென்ஃப்ளானை (நரம்பில் செருகிய ஊசிக் குழாயை) எடுத்துவிடாதீர்கள். நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறலால் படுக்க முடியாதவர் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரலாம். கர்ப்பிணி இடப்பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும். கொஞ்சம் தெளிந்ததும் 'பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்' என்று எழுந்து நிற்க எவரையும் விடக் கூடாது, ஏனெனில் திடீரென்று நிமிர்ந்த நொடியில் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் வற்றி உயிர் போன நிகழ்வுகள் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கின்றன. ஆக்சிஜன் வையுங்கள், ரத்த அழுத்தம் குறைந்திருந்தால் சலைனை வேகமாக ஓடவிடுங்கள். நோயாளி அட்டினலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரை எடுப்பவரானால் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்பதால், அதை மருத்துவரிடம் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட வேண்டும்.

சரியான பிறகும் ஆபத்து முழுதாக நீங்குவதில்லை. சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலையாக அதே அறிகுறிகள் திரும்பலாம். குறைந்தது ஆறு மணி நேரம் கண்காணிப்பது வழக்கம்; ஆனால் ஜவ்வாது மலைக் கிராமத்திலிருந்து வந்து, மாலைப் பேருந்தை விட்டால் மறுநாள்தான் என்று நிற்பவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவரை இரவு வார்டிலேயே வைத்திருப்பதுதான் முறை என்பது என் கருத்து. மலைப்பாதையில் நள்ளிரவில் 108 வண்டி வந்து சேருவதற்குள் தொண்டை அடைத்துவிட்டால் செய்ய ஒன்றும் இருக்காது.

இத்தனையும் நடக்க இரண்டு முன்னேற்பாடுகள் தேவை. மருத்துவர் வரும்வரை காத்திராமல் முதல் அட்ரினலினைச் செவிலியர் போடலாம் என்ற நிலை ஆணையை, அளவோடு, மருத்துவ அலுவலரின் கையெழுத்துடன் வாங்கி ஊசி போடும் அறையில் ஒட்டிவைக்க வேண்டும். இரண்டாவது, ஆம்பியூல்கள் வைத்திருக்கும் இடம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், சன்னலோரத் தட்டில் கிடக்கும் அட்ரினலின் வெளிச்சத்தாலும் சூட்டாலும் வீரியம் இழக்கும். அதைப் பெட்டியோடு, 25 டிகிரிக்குக் கீழே, இருட்டான இடத்தில் வையுங்கள். நிறம் பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறியிருந்தால் எறிந்துவிடுங்கள். நிறம் மாறாத பழைய மருந்தும் வீரியம் குறைந்திருக்கலாம் என்பதால் காலாவதித் தேதியை மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

நாமே கொடுக்கும் பொருளால் வருவது

மருத்துவமனைக்குள் நிகழும் கடும் ஒவ்வாமைகளில் பல, நம் கையால் ஏற்றும் பொருளால் வருபவை. 'டெஸ்ட் டோஸ்' போட்டுப் பார்த்துவிட்டால் பயமில்லை என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தோலுக்கடியில் சிறிதளவு போட்டு ஒன்றும் வராததால் முழு அளவும் பாதுகாப்பு என்று உறுதி கிடைப்பதில்லை. அந்தச் சிறிதளவே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தூண்டிவிடும். உங்கள் மருத்துவமனையின் விதி டெஸ்ட் டோஸ் வேண்டும் என்றால் போடுங்கள், ஆனால் அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

பாம்புக்கடி மருந்தில் இது இன்னும் வெளிப்படை. நெல் வயலிலும் நிலக்கடலைக் கொல்லையிலும் கண்ணாடிவிரியன் கடித்து வருபவருக்குக் கொடுக்கும் விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்திலிருந்து செய்யப்படுவது. அதற்கு டெஸ்ட் டோஸ் தேவையில்லை என்று தேசிய வழிகாட்டுதலே கூறுகிறது. மருந்து ஏற்றத் தொடங்கும் முன்பே அட்ரினலினைச் சிரிஞ்சில் இழுத்துப் பெயரெழுதித் தட்டில் வைத்துவிட வேண்டும். முதல் கால் மணி நேரம் கட்டிலை விட்டு நகராமல், அரிப்பு, தடிப்பு, இருமல், வாந்தி, நடுக்கம் ஏதும் தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏதேனும் தோன்றினால் மருந்தை நிறுத்தி அட்ரினலின் போட்டு, நிலை சீரானபின் மருத்துவர் சொல்படி மெதுவான வேகத்தில் மீண்டும் ஏற்ற வேண்டும். ஒவ்வாமை வந்துவிட்டது என்பதற்காக விஷமுறிவையே கைவிட்டால், கடித்த விஷம் தன் வேலையைச் செய்துவிடும்.

ரத்தம் ஏற்றும்போதும் அதே பதினைந்து நிமிடக் காவல்தான். ஏதாவது தோன்றினால் பையை நிறுத்தி, குழாயை மாற்றிச் சலைனில் நரம்பைத் திறந்து வைத்து, பையையும் குழாயையும் ரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். குப்பையில் போட்டுவிடக் கூடாது. ரப்பர் கையுறைக்கு ஒவ்வாமை உள்ளவரா என்பதை, வாழைப்பழம், பப்பாளி சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா என்று கேட்டும் ஓரளவு ஊகிக்கலாம். அப்படிப்பட்டவருக்கு நைட்ரைல் கையுறையும் சிலிக்கோன் சிறுநீர்க் குழாயும் எடுத்து வையுங்கள்.

தோல் உரியும் மருந்து ஒவ்வாமை

வலிப்பு மாத்திரைகளான ஃபெனிடாயின், கார்பமசெபின், யூரிக் அமிலத்துக்கான அலோபூரினால், சல்ஃபா வகை மருந்துகள் ஆகியவற்றைத் தொடங்கிய முதல் எட்டு வாரங்களுக்குள் காய்ச்சல், கண் சிவப்பு, வாய்ப் புண், தோலில் எரிச்சலோடு கூடிய வலி என்று ஒருவர் வந்தால், அம்மை என்று எண்ணி வேப்பிலையோடு வீட்டில் கிடத்திவிடுவது இந்தப் பக்கத்தில் நடக்கிறது. அரிப்பைவிட வலி மேலோங்கியிருப்பதும், விரலால் தேய்த்தால் தோல் கழன்று வருவதும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் எனப்படும் தோல் உரியும் கடும் ஒவ்வாமை வகையைக் காட்டும். சந்தேகம் எழுந்த கணமே அந்த மருந்தை நிறுத்தச் சொல்லி மருத்துவரை அழைப்பதுதான் செவிலியர் செய்யக்கூடிய மிகப் பெரிய சிகிச்சை.

இவர்களைத் தீக்காய நோயாளியைப் போல நடத்த வேண்டும். தோல் போனவருக்கு உடல் சூடு நிற்காது. வெளியே வெயில் கொளுத்துவதால் உறவினர்கள் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டுப் போவார்கள், நோயாளியோ நடுங்கிக்கொண்டிருப்பார். அறையை 25 முதல் 28 டிகிரியில் வைக்க வேண்டும் என்பதையும், ஏன் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். பிளாஸ்டரை எங்கும் ஒட்டாதீர்கள்; வென்ஃப்ளானைக் கூடத் துணிக்கட்டால் சுற்றி நிறுத்துங்கள். இரத்த அழுத்தப் பட்டைக்கு அடியில் பாரஃபின் தடவிய காஸை வைத்துக்கொள்ளுங்கள். சல்ஃபா மருந்தால் வந்த நோய் என்ற சந்தேகம் இருந்தால், தீக்காயத்துக்குப் பழக்கத்தில் தடவும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பைத் தொடவே கூடாது. அதிலும் சல்ஃபா இருக்கிறது.

படுக்கை விரிப்பு புண்ணோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருவதுதான் இவர்களின் பெரிய வேதனை. இதற்கு நம் தோல் நோய் வார்டுகள் கண்ட வழி வாழை இலை. நடு நரம்பைச் சீவி எடுத்துவிட்டு, இலையைக் கழுவி, ஆட்டோகிளேவ் செய்து (நீராவியில் கிருமி நீக்கி), வழவழப்பான பக்கம் நோயாளியின் முதுகுக்குப் படும்படி விரித்தால், கசியும் நீர் இலையில் ஒட்டாமல் வழிந்துவிடும். திருப்பிப் படுக்க வைக்கும்போது தோல் இழுபடாது. இலை வாடுவதற்குள் மாற்ற வேண்டும். காசு கொடுத்து வாங்கும் ஒட்டாத டிரெஸ்ஸிங்குகள் இல்லாத சிறிய மருத்துவமனையில் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது.

கண்ணை மறந்துவிடாதீர்கள். தோல் ஆறிவிடும், கவனிக்காத கண் இமையோடு ஒட்டிப் பார்வையைப் பறித்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கண்ணைச் சலைனால் துடைத்து, எழுதிக்கொடுத்த மசகுச் சொட்டை விட்டு, முதல் நாளே கண் மருத்துவரைப் பார்க்கச் செய்ய வேண்டும். வீட்டுக்குப் போகும்போது, ஃபெனிடாயினால் வந்தவருக்குக் கார்பமசெபினும் ஃபீனோபார்பிட்டோனும் ஆகாது என்பதை அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். வலிப்பு மீண்டும் வரும் இரவில் எந்த மருத்துவமனைக்குப் போவார் என்று நமக்குத் தெரியாது.

இளைப்பு, கரப்பான், தொழிலால் வரும் ஒவ்வாமை

ஆஸ்துமா குழந்தையின் தாய்க்கு இன்ஹேலர் என்றாலே பயம். 'பழக்கமாயிடும்னு சொல்றாங்களே சிஸ்டர்' என்பார். வாய்வழி விழுங்கும் மருந்தைவிட மிகக் குறைந்த அளவு மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது என்று சொல்லி, ஸ்பேசரை (இன்ஹேலரில் மாட்டும் காற்றுக் குடுவையை) கையில் கொடுத்து, அவரையே நம் முன்னால் ஒரு முறை செய்து காட்டச் சொல்ல வேண்டும். ஸ்பேசர் இல்லாத இடத்தில் 500 மி.லி. தண்ணீர்ப் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் அளவுக்குத் துளையிட்டுப் பயன்படுத்தலாம். ஆய்வுகளிலும் இது நன்றாகவே வேலை செய்திருக்கிறது. மின்சாரம் இல்லாமல் நெபுலைசர் நின்றுபோன நேரத்தில் சால்பியுடமால் நான்கு முதல் பத்துப் பஃப், ஒவ்வொன்றாக, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை முதல் ஒரு மணி நேரம் கொடுக்கலாம். வீசிங் சத்தம் நின்றுவிட்டதே என்று மகிழும் முன் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். காற்றே உள்ளே போகாததால் சத்தம் நின்றிருந்தால் அது மிக மோசமான அறிகுறி. ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். கொசுவர்த்தியும் சாம்பிராணியும் படுக்கும் அறையில் வேண்டாம். போகிப் புகையன்று கதவைச் சாத்திக்கொள்ளட்டும்.

கரப்பான் (எக்சிமா) உள்ள குழந்தைக்கு வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, ஈரம் முற்றும் உலரும் முன் தேங்காய் எண்ணெயோ ஈரப்பசைக் களிம்போ தடவினால் பாதி அரிப்பு அடங்கும். ஸ்டீராய்டு களிம்பின் அளவுக்கு, விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு, விரல்களோடு சேர்த்து வளர்ந்தவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும் என்பதே கணக்கு. உணவைப் பொறுத்தவரை, கரப்பான் பண்டம் என்று கத்திரிக்காய், கருவாடு, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சோறும் ரசமும் மட்டும் தின்று மெலிந்த பிள்ளைகளைப் பார்க்கிறோம். கத்திரிக்காய் சிலருக்கு வாயை அரிக்கத்தான் செய்யும், எல்லோருக்கும் அன்று. எதைத் தின்றபோது எவ்வளவு நேரத்தில் என்ன வந்தது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லி, திரும்பத் திரும்ப ஒத்துவருவதை மட்டும் மருத்துவரிடம் காட்டி நிறுத்தலாம். மாமியாரின் சொல்லை மறுத்துப் பேசுவதாகத் தோன்றாமல் இதைச் சொல்வதும் ஒரு திறமை.

தோல் தொழிற்கூடத்திலோ சிமெண்ட் வேலையிலோ இருப்பவரிடம் 'வேலையை விட்டுவிடுங்கள்' என்பது எளிது. அவர் விட மாட்டார். உள்ளே பருத்தி உறை, மேலே ரப்பர் உறை, வேர்வை ஊறியதும் பருத்தி உறையை மாற்றுதல், வேலை முடிந்ததும் கரைப்பான்களால் கை கழுவாமல் சோப்பால் கழுவி எண்ணெய் தடவுதல் என்று செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாதவர் அதை வெறுங்கையால் பிடுங்கவோ எரிக்கவோ கூடாது. துவைத்த துணியை வேலியில் உலர்த்தவும் கூடாது.

எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள்

லூபஸ், முடக்குவாதம், தோலில் கொப்புளம் எழும் பெம்ஃபிகஸ் போன்றவற்றில் உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்குவதால், அதை அடக்கும் மருந்துகளே சிகிச்சை. இந்த மருந்துகளில் தவறு நேர்வது பெரும்பாலும் வீட்டில்தான். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் விழுங்க வேண்டிய மாத்திரை. தினமும் விழுங்கிவிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் விழுந்து, உயிரே போகலாம். நாளைப் பெயர் சொல்லி, 'புதன்கிழமை மட்டும்' என்று சீட்டில் எழுதி, வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு புதனையும் வட்டமிடச் சொல்லி, வேறொரு நாளில் எடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையைத் தனி உறையில் போட்டுக் கொடுங்கள். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரைகளாக இருந்துவிட்டால் குழப்பத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

ஸ்டீராய்டைக் காலை உணவுக்குப் பின் எடுக்க வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது. முகம் உப்பியதைக் கண்டு பயந்து நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள் வாந்தியும் மயக்கமும் ரத்த அழுத்தக் குறைவுமாக வருபவரைப் பார்த்தால், மாத்திரை நின்றதா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். மூட்டு வலிக்கு வாங்கிச் சாப்பிட்ட பெயர் தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு என்பதால் அதையும் கேளுங்கள். செருப்பில்லாமல் வயலில் இறங்குபவர்களுக்கு மண்ணிலிருந்து பாதம் வழியே நுழையும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு, ஸ்டீராய்டு அதிகரிக்கும்போது உடல் முழுதும் பரவி உயிருக்கு உலை வைக்கக்கூடியது. அதிக அளவு ஸ்டீராய்டு தொடங்கும் முன் மலப் பரிசோதனையும் புழு மருந்தும் தேவையா என்று மருத்துவருக்கு நினைவூட்டலாம். காசநோய்ப் பரிசோதனையும் அப்படியே.

லூபஸ் நோயாளிக்கு வெயில் ஆகாது என்பதை வேலூரில் சொல்வது அவ்வளவு எளிதன்று. காலை பத்து மணிக்கு மேல் வெளியே போக நேர்ந்தால் குடை, முழுக்கை, முக்காடு. கட்டட வேலைக்கும் களையெடுப்புக்கும் நேரம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று குடும்பத்தோடு பேச வேண்டும். சிறுநீரில் நுரை, காலில் வீக்கம் தோன்றினால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். இளம்பெண்ணானால், நோய் அடங்கியிருக்கும் காலத்தில் மருத்துவர் ஆலோசனையோடுதான் குழந்தைக்குத் திட்டமிட வேண்டும் என்பதைக் கணவரையும் வைத்துக்கொண்டு சொல்வது பயன் தரும்.

எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள்

வெள்ளணுக்கள் குறைந்த நோயாளிக்குக் காய்ச்சல் 38.3 டிகிரி செல்சியஸை ஒரு முறை தொட்டாலும், 38 டிகிரி ஒரு மணி நேரம் நின்றாலும், அது அவசரம். சீழ் பிடிக்கவோ கட்டி எழும்பவோ வெள்ளணுக்கள் இல்லாததால் காய்ச்சலைத் தவிர வேறு அறிகுறியே இருக்காது. ரத்தக் கல்ச்சர் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் ஏறியாக வேண்டும். இவர்களுக்கு ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கக் கூடாது, இடுப்பு ஊசி கூடாது, கேட்காமல் பாரசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்கவும் கூடாது. லாட்ஜில் தங்கிச் சமைத்துக்கொள்பவர்களிடம் சூடாகச் சமைத்து உடனே சாப்பிடுவது, கொதித்த தண்ணீர், வெட்டி விற்கும் பழத்தைத் தவிர்ப்பது ஆகியவற்றைச் சொல்லுங்கள். பார்க்க வரும் உறவினர் ஆம்பூர் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தால், கொதிக்கக் கொதிக்க இறக்கிய பிரியாணியைவிட, இரண்டு மணி நேரம் வெயிலில் பயணம் செய்த வெங்காயத் தயிர்ப் பச்சடிதான் எனக்கு அதிகக் கவலை தரும்.

பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தைகளை முதலில் சந்தேகிப்பவர் பெரும்பாலும் தடுப்பூசி போடும் செவிலியராகத்தான் இருக்க முடியும். திரும்பத் திரும்ப நிமோனியா, ஆறாத வாய் வெண்புண், ஏறாத எடை, பி.சி.ஜி. போட்ட இடத்தில் ஆறாத புண், அக்குளில் பெரிய கட்டி ஆகியவற்றோடு, இதற்கு முன் பிறந்த பிள்ளை கைக்குழந்தையிலேயே இறந்திருக்கிறதா, பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா என்பதையும் மெதுவாகக் கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் போலியோ சொட்டு, ரோட்டா, எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளை நிறுத்திவைத்து மருத்துவரிடம் அனுப்புங்கள். எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினை ஏற்றும்போது மிக மெதுவாகத் தொடங்கி, நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்துப் பார்த்து வேகத்தைக் கூட்ட வேண்டும். தலைவலி, நடுக்கம் வந்தால் வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. 1986இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது, சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) ஆய்வகத்தில்தான் சோதிக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஊரில் இன்னமும் கேஸ் ஷீட்டின் மேல் பெரிய எழுத்தில் குறியிட்டு, கட்டிலைத் தனியே தள்ளிப் போடும் பழக்கம் சில இடங்களில் தென்படுவது வருத்தத்துக்குரியது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவது தடைசெய்யப்பட்டது. எல்லா நோயாளிக்கும் ஒரே கையுறை, ஒரே கை கழுவுதல் என்று நடந்தால் தனிக் குறியீட்டுக்கே அவசியமில்லை. ஊசி குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, பிதுக்காமல், இரண்டு மணி நேரத்துக்குள் முடியாவிட்டாலும் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரையைத் தொடங்கியாக வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் அட்டை மிகச் சிறியதாக இருந்தாலும் அதில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: ஆகாத மருந்தின் மூலப் பெயர், அப்போது நடந்தது என்ன, இப்போது தினமும் எடுக்கும் மருந்துகள், எந்த அறிகுறி வந்தால் 108ஐ அழைக்க வேண்டும் என்பது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். மருந்துக் கடைக்காரர் ஆங்கிலத்தைப் படிப்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளை தமிழைப் படிக்கும். வடநாட்டு நோயாளியானால் அவருடைய மொழியிலும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அட்டையைக் கொடுத்துவிட்டு, அதில் இருப்பதை அவர் வாயாலேயே ஒரு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டபின்தான் டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்திட வேண்டும்.